நாற்பது வரிகளும் ஒரு பிழையும்

போன லீவில் நாங்கள் ஒரு வேலையைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டோம். வலிகாமத்தில் ஒரு ஊர்ச் சனசமூக நிலையம். அதோடு சேர்ந்த வாசிகசாலையில் புத்தகங்களை வந்த திகதிப்படி எழுதிவைத்த பெரிய பதிவேடு ஒன்று இருக்கிறது. மட்டை கழன்று, ஓரம் செல்லரித்து, இடம்பெயர்வுகளுக்குள் எப்படியோ தப்பி வந்தது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மென்பொருளும் தயாராக இருந்தது. ஊர் அண்ணை ஒருவர் பல வருஷத்துக்கு முன் கேக் பிஎச்பியில் எழுதிக் கொடுத்தது.

பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு 40 வரி. திரையிலும் 40 வரி. அடித்து முடித்துக் கீழே ‘சேமி’ என்பதை அமத்தினால் 40 புத்தகமும் ஒரேயடியாகப் போகும் என்று நினைத்தோம். 27ஆம் வரியில் பதிப்பாண்டு இல்லை. பதிவேட்டிலேயே அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. ‘ஆண்டு கட்டாயம்’ என்று சிவப்பில் வந்தது. சரி, ஏதோ ஒரு ஆண்டைப் போட்டுத் திரும்பவும் அமத்தினோம். பச்சை விழுந்தது. சந்தோசமாக அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

மூன்று நாள் கழித்துத்தான் பிடிபட்டது. முதல் தடவை அமத்தினபோதே 26 புத்தகம் உள்ளே போய்விட்டது. 27இல் முட்டி நின்றிருக்கிறது. இரண்டாம் தடவை அதே 26 மீண்டும் போயிருக்கிறது. 40 புத்தகத்துக்கு 66 பதிவு. பதினொரு பக்கத்தில் இதே கதை.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது தேவைதான் என்று சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். ஆனால் பிழை திருத்தப் போய், இந்த ‘ஒன்று பிழைத்தால் மற்றவற்றை என்ன செய்வது’ என்ற கேள்வியின் சரித்திரத்துக்குள் விழுந்துவிட்டோம். அது கணினியைவிட மிகப் பழசு. எங்கட மண்ணிலேயே முந்நூறு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது.

முதலில் கணினிப் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவம். வலைத்தளம் கட்டுவதற்கான சட்டகங்கள் இரண்டாயிரங்களின் நடுவில்தான் அடுத்தடுத்து வந்தன. ரூபி ஒன் றெயில்ஸ் 2004இல், ஜாங்கோவும் கேக் பிஎச்பியும் 2005இல். ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தோடு நேரடியாக மல்லுக்கட்டாமல், ‘இந்தப் பதிவுக்கு இந்த இந்த விதி’ என்று ஓரிடத்தில் எழுதிவைத்தால் சட்டகமே பார்த்துக்கொள்ளும். கேக் பிஎச்பியில் பல பதிவுகளைச் சேர்த்துச் சேமிக்கிற கட்டளைக்கு ‘சேவ் ஓல்’ என்று பெயர். 2011இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ‘சேவ் மெனி’ என்று இன்னொன்றும் இருக்கிறது. ‘சேவ் ஓல்’ இடம் நாலு விதமாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் முதலில் சரிபார், எல்லாம் சரி என்றால் மட்டும் சேமிக்கத் தொடங்கு. அல்லது ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேமி. அல்லது பார்க்க மட்டும் செய், சேமிக்காதே. அல்லது பார்க்கவே வேண்டாம். அண்ணை இரண்டாவதைப் போட்டிருந்தார்.

அப்படிப் போட்டாலும் தப்பலாம். ஏன் எண்டால் இன்னொரு காவல் இருக்கிறது. முழுச் சேமிப்பையும் ஒரே கொடுக்கல் வாங்கலாகக் கட்டிவிட்டால், நடுவில் ஒன்று பிழைத்ததும் அதுவரை எழுதியதெல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும். அண்ணை அதையும் போட்டுத்தான் இருந்தார். ஆனால் எங்கட அட்டவணைகள் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகை. 2010 வரை மைஎஸ்கியூஎல் தானாகத் தருவது அந்த வகையைத்தான். அதற்குத் திரும்பிப் போகத் தெரியாது. ‘எழுதியதை அழி’ என்று சொன்னால் சண்டை பிடிக்காது, தலையாட்டும், ஆனால் ஒன்றும் அழியாது. சத்தம் போட்டு மறுக்கிறவனை நம்பலாம், தலையாட்டுகிறவனோடுதான் கவனம் வேண்டும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்ற இந்த எண்ணத்தைத் தெளிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். அவருடைய கட்டுரை 1981 செப்டெம்பரில் பிரான்சின் கான் நகரில் நடந்த மாநாட்டில் வந்தது. எழுதியது அழியாமல் இருக்க என்ன உத்தரவாதம் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். ஆனாலும் ஆண்டைக் கண்டதும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

கிரே சொன்ன ஒரு விஷயம் எங்களுக்குப் பிடித்திருந்தது. இது கணினிக்காரர் கண்டுபிடித்தது இல்லை, ஒப்பந்தச் சட்டத்தில் இருந்து வந்தது என்கிறார். கலியாணம் நல்ல உதாரணம். இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்பார்கள். இருவரும் ஓம் என்றால்தான் கலியாணம். ஒருவர் இல்லை என்றால் மற்றவர் சொன்ன ஓமுக்குப் பெறுமதி இல்லை, பாதிக் கலியாணம் என்று ஒன்று கிடையாது. எங்கட ஊர்க் கணக்கில் சொன்னால், கெட்டிமேளம் கொட்டும்வரை எல்லாம் திரும்பப் பெறக்கூடியதுதான்.

இனி எங்கட பக்கம்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுக்கு முன் போர்த்துக்கேயர் இருந்த காலத்திலேயே ஊர், காணி, வரி எல்லாம் ஏட்டில் ஏறத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய 1645ஆம் ஆண்டுப் போர்த்துக்கேயப் பதிவுகளை வைத்து பி. ஈ. பீரிஸ் பின்னாளில் ஒரு நூலே எழுதினார். இந்தப் பதிவேடுகளுக்குத் ‘தோம்பு’ என்று பெயர். போர்த்துக்கேயச் சொல்தான், ஆனால் இன்றைக்கும் பழைய உறுதிகள் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் வாயில் தமிழ்ச் சொல் மாதிரியே வரும். காணிக்குப் பெயர், எத்தனை பரப்பு, ஆருடையது, என்ன வரி. அந்தக் காலத்துத் தரவுத்தளம். உங்கட வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும், நாலு எல்லையும் இருக்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கும் மாறவில்லை.

காணித் தோம்பைவிட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பள்ளித் தோம்பு. ஒல்லாந்தர் கோவிற்பற்றுகள் தோறும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அங்குள்ள உபாத்தியாயர்தான் பதிவாளரும். ஞானஸ்நானம், கலியாணம், குடும்பத்தில் ஆர் ஆர் என்பதெல்லாம் அவருடைய ஏட்டில் ஏறும். ஏறினால்தான் கலியாணம் கலியாணம், பிள்ளை சட்டப்படியான பிள்ளை, முதுசொம் முதுசொம். ஏறுவதற்கு ஒரு விதி இருந்தது: கிறிஸ்தவராக இருக்க வேண்டும், கலியாணம் கட்டப்போகிற இருவருக்கும் வேத வினாவிடை தெரிந்திருக்க வேண்டும்.

சனம் என்ன செய்தது? வினாவிடையைப் பாடமாக்கியது. ஒப்புவித்தது. பெயரைப் பதிந்தது. வீட்டுக்குப் போய்த் தன்பாட்டில் சைவமாக இருந்தது. ஒல்லாந்தர் கணக்கில் குடாநாட்டில் ஆயிரமாயிரம் கிறிஸ்தவர்கள். அவர்கள் 1795இல் போனதும் அந்த ஆயிரங்களில் பெரும்பகுதி எங்கே போனது என்று மிசனரிமார் பின்னாளில் தேடினார்கள். எங்கேயும் போகவில்லை. அவர்கள் முதலிலேயே அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது 27ஆம் வரிதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஆண்டு கட்டாயம் என்று திரை சொன்னது. எங்களுக்கு ஆண்டு தெரியாது. அதனால் 1900 என்று போட்டோம். பிறகு ஆண்டு இல்லாத எல்லாவற்றுக்கும் 1900தான். ஒருநாள் ஆண்டுவாரியாகத் தேடிப் பார்த்தால் இந்த வாசிகசாலையின் பொற்காலம் 1900 என்று வந்து நிற்கிறது. படிவம் கேட்டதைக் கொடுத்தோம், படிவம் திருப்திப்பட்டது. அந்தப் பள்ளித் தோம்பில் ஏறிய சனத்துக்கும் எங்களுக்கும் ஒரே புத்திதான்.

சிலவற்றில் ஆண்டு இருந்தது, ஆனால் இலக்கத்தில் இல்லை. ‘பார்த்திப வருடம்’ என்று இருந்தது. அறுபது வருஷச் சுற்றில் பார்த்திப 1885இலும் வரும், 1945இலும் வரும், 2005இலும் வரும். நாலு இலக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு பெட்டிக்குள் அதை எப்படிப் போடுவது? ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்று இரண்டு பெட்டி வேறு. தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கிற சனத்துக்கு எது குடும்பப்பெயர்? புனைபெயரில் மட்டும் எழுதினவருக்கு? விதி எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எங்களைத் தெரியாது.

விதி எழுதியவருக்கு எங்களை நன்றாகத் தெரிந்திருந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதுதான் தேசவழமை.

ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தரும்படி கேட்டார். வேலை திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தலையில் விழுந்தது. அந்த மனுசன் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்தவர். சீதனம், முதுசொம், தேடியதேட்டம், ஈடு, கடன், அடிமை என்று எல்லாவற்றையும் எழுதி 1707 ஜனவரியில் கொடுத்தார். அது அப்படியே சட்டமாகவில்லை. யான் பிருஸ் என்பவர் தமிழில் மொழிபெயர்க்க, 12 முதலிமார் அதைப் படித்து, ஓம், இதுதான் எங்கட வழக்கம் என்று உறுதிசெய்து கொடுத்தார்கள். அதன்பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

பாருங்கள், இது அப்படியே கேக் பிஎச்பியின் முதலாவது வழிதான். முழுவதையும் முதலில் சரிபார், எல்லாம் சரி என்றால் ஒரேயடியாகச் சேமி. செய்த முறையில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. அவர்களுடைய மொழிக்கு மாற்றி, அவர்களிடமே காட்டி, கையெழுத்து வாங்கி. இன்றைக்கு எத்தனை அலுவலகம் தன் படிவத்தை இப்படிச் செய்கிறது?

ஆனால் சரிபார்த்தவர்கள் ஆர் என்று கேட்டால் கதை வேறு. அடிமைகள் பற்றி அதில் ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஒரு அடிமையின் பிள்ளை ஆருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அதில் வருகிறது. அதைச் சரி என்று சொன்னது 12 முதலிமார். அந்தப் பகுதியில் பெயர் வந்த ஒருத்தரிடமும் ‘இது சரிதானோ’ என்று கேட்கவில்லை. பெண்களிடமும் கேட்கவில்லை. சீதனச் சட்டம் முழுக்க அவர்களைப் பற்றியது.

ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் ஒழுங்குவிதியால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்ததும் அந்தப் பகுதி செத்துப் போனது. 1911இல் கலியாண உரிமையும் முதுசொமும் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் வந்து நிறையத் திருத்தியது. அப்படியும், தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டிய பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கப் போனால் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது இன்றும் இருக்கிறது. எங்கட அம்மாமார் சிலருக்கு இது சரித்திரம் இல்லை, நொத்தாரிசு மேசையில் நடந்த விஷயம். சேமித்த ஒன்றைத் திருத்துவது சேமிப்பதைவிட எத்தனை மடங்கு கஷ்டம் என்பதற்கு 1707 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விதியே ஒருவரை நெரிப்பதற்கு இதைவிடக் கிட்டின உதாரணம் ஒன்றும் இருக்கிறது. அதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், நீட்டுவது சரியில்லை. போருக்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் இருந்த படிவத்தில் இரண்டே நிலைதான்: உயிரோடு இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுப்பதை இலகுவாக்கியது. வங்கி, காணி, பள்ளிக்கூட அலுவல் எல்லாத்துக்கும் ஒரு கடதாசி வேண்டும். அந்தக் கடதாசி வேண்டுமென்றால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாய் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் மாட்டோம் என்றார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாய்மாருக்கு அதுவும் விடை இல்லை, அவர்கள் கேட்டது பிள்ளையை. ஆனால் ஒரு புலத்தில் எத்தனை பெறுமதி வரலாம் என்று தீர்மானிப்பது வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று இனி எவரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

நூலகத்துக்கு வருவம். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கியது, 1959இல் அந்த வெள்ளைக் கட்டிடமாகத் திறந்தது, எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னது, 1981 மே 31 இரவு எரிந்தது. 97,000 என்ற எண் எங்கட தலைமுறைக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 97,000இல் நூறு தலைப்பை வரிசையாகச் சொல் என்றால் எங்களில் எவருக்கும் வராது. நாங்கள் எண்ணை வைத்திருக்கிறோம், பட்டியலை வைத்திருக்கவில்லை.

பட்டியல் போடுகிற வேலையைத் தனி ஆளாக எடுத்துக்கொண்டவர் நூலகர் என். செல்வராஜா. அவருடைய ‘நூல்தேட்டம்’ முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு 1000 நூல். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், ஆண்டு, பக்கம், விலை, சென்ரிமீற்றரில் அளவு. புத்தகத்தின் நீள அகலம் எதற்கு என்று முதலில் பகிடி பண்ணினோம். பிறகு விளங்கியது. அந்த நூல் நாளைக்கு இல்லாமல் போனாலும் அது எத்தனை பெரிது என்றாவது தெரியும்.

2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் போன்ற இளைஞர்கள் தொடங்கியது நூலகம் இணையத் தளம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மாதிரித் தட்டச்சுச் செய்து போடுவதாகத்தான் தொடங்கியது, பிறகு பக்கங்களை அப்படியே ஸ்கான் பண்ணிப் போடத் தொடங்கினார்கள். அதற்குக் கீழே ஓடுவது விக்கிப்பீடியாவின் அதே மீடியாவிக்கி. எங்களுக்கு இது முக்கியமாகப்பட்டது. ஆசிரியர் தெரியவில்லையா? ஒரு சிறு கோடு போட்டிருக்கும். ஆண்டு தெரியவில்லையா? கோடு. புத்தகம் உள்ளே வந்துவிடும், விபரம் தெரிந்தவர் பிறகு திருத்துவார், முந்தி என்ன இருந்தது என்பதும் அழியாது. முதலில் காப்பாற்று, பிறகு சரிபார்.

இதை வைத்து எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒரு பக்கம், பிழையான பதிவு இல்லாத பதிவைவிட மோசம், தோம்பைப் பார், 1900ஐப் பார் என்றது. மற்றப் பக்கம், நீங்கள் சரிபார்த்து முடிக்கிறதுக்குள்ள செல் அரிச்சுப் போடும் என்றது. வங்கிக் கணக்கென்றால் முதலாவது பக்கம்தான் சரி. ஒருவர் கணக்கில் காசு கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாமல் நிற்கக் கூடாது. ஆனால் எரிந்த ஊரின் புத்தகப் பதிவேடு வங்கிக் கணக்கு இல்லை. 39 புத்தகத்தை ஒரு புத்தகத்தின் ஆண்டுக்காக வெளியே நிற்க வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கட முடிவு அதுதான், இதை வாசிக்கிற கணினிப் பீடத்து நண்பர்கள் வந்து சண்டை பிடிக்கலாம்.

கடைசியில் செய்தது இது. அட்டவணைகளை இன்னோடிபிக்கு மாற்றினோம். 40 வரியும் சேர்ந்து போகும் அல்லது சேர்ந்து நிற்கும், பாதியில் தொங்காது. ஒவ்வொரு வரிக்கும் பதிவேட்டின் பக்க எண்ணும் வரி எண்ணும் சேர்ந்து ஒரு சாவி, ஆகவே இரண்டு தடவை அமத்தினாலும் இரண்டாம் தடவை உள்ளே விடாது. ஆண்டு கட்டாயம் என்ற விதியைத் தூக்கிவிட்டோம். பதிலாக இரண்டு புலம்: பதிவேட்டில் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து ஒன்றில், நாங்கள் கணித்த ஆண்டு மற்றதில். பார்த்திப வருடம் பார்த்திப வருடமாகவே இருக்கிறது. பிறகு 1900 எல்லாவற்றையும் தேடித்தேடி அழித்தோம். அதில் உண்மையாகவே 1900இல் வந்த புத்தகம் ஒன்றாவது இருந்திருக்குமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது.

27ஆம் வரி ஒரு நினைவு மலர். செத்த வீட்டில் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுப்பார்களே, கல்வெட்டு என்று சொல்வோமே, அது. பதிவேட்டில் ஒரு பெயரும் ஊரும் மட்டும். அலுமாரியில் அந்த மலர் இல்லை. பேப்பர் பார்க்க வந்த ஒரு ஐயாவிடம் பெயரைக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உது எங்கட பெரியப்பாவெல்லோ” என்றார். எந்த ஆண்டு செத்தவர் என்று கேட்டோம். யோசித்தார். பெரிய வெள்ளத்துக்கு முந்தியோ பிந்தியோ என்று நிச்சயமில்லை, கொழும்பில் இருக்கிற அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. அந்த இடத்தில் இப்போதைக்கு ஒரு சிறு கோடு இருக்கிறது.